இரண்டு சராசரிகளும் எட்டுப் பார் கத்தரியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் சென்ற மாதம் மீன் அமிலம் பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. தெளித்த செடிகளில் சராசரி மகசூல் இவ்வளவு, தெளிக்காத செடிகளில் இவ்வளவு, ஆகவே மீன் அமிலம் மகசூலைக் கூட்டும் என்று முடித்திருந்தார்கள். மொத்தம் எத்தனை செடி, செடிக்குச் செடி காய்ப்பு எவ்வளவு ஏறி இறங்கியது, எந்தச் செடிக்குத் தெளிப்பது என்று எப்படித் தீர்மானித்தார்கள், இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. இரண்டு சராசரி, ஒரு கழித்தல், அவ்வளவுதான். உரமோ விதையோ சத்து மாவோ டியூஷன் சென்டரோ, எதைப் பற்றி எழுதினாலும் பத்திரிகைகளில் இதே கணக்குத்தான் வருகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். நடுவில் வரும் எண்களை மட்டும் வெட்ட வேண்டாம்.

மீன் அமிலத்தோடு எனக்குப் பகை எதுவும் கிடையாது. மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடை போட்டு ஊறவைக்கும் அந்தக் கரைசலை எங்கள் பகுதியில் நிறையப் பேர் தெளிக்கிறார்கள். வாடை தாங்குகிறவர்கள் தாராளமாகத் தெளிக்கலாம். என் பேச்சு மருந்தைப் பற்றியது அல்ல, கணக்கைப் பற்றியது.

அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எங்கள் பக்கத்துக் கொல்லைக்காரர் ஒரு நோட்டோடு வந்தார். "நானும் இந்த வருஷம் கத்தரியில பார்த்தேன் சார். நூத்துக்கு இருபது கூடுதல்" என்றார். அவரைப் பாராட்டியாக வேண்டும். மற்றவர்கள் "நல்லாக் காய்ச்சுது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் எட்டுப் பாரையும் (கத்தரி நட்ட மண் வரிசையைத்தான் பார் என்கிறோம்) தனித்தனியாகப் பறித்து, தனித்தனியாகத் தராசில் வைத்து, பறிப்புக்குப் பறிப்பு எழுதிக் கூட்டி வைத்திருந்தார். தெளித்த நான்கு பாரில் 14, 11, 13, 10 கிலோ. தெளிக்காத நான்கில் 9, 12, 8, 11 கிலோ. ஒரு பக்கம் கூட்டினால் 48, மறுபக்கம் 40. சராசரி 12, 10. வித்தியாசம் 2 கிலோ. பத்துக்கு இரண்டு என்றால் இருபது சதவீதம். கூட்டல் கழித்தலில் ஒரு தப்பும் இல்லை.

ஆனால் அதே நோட்டில், தெளிக்காத பார்களை மட்டும் பாருங்கள். ஒன்றில் 8 கிலோ, இன்னொன்றில் 12 கிலோ. மருந்து வாடையே படாத இரண்டு பாருக்கு நடுவில் 4 கிலோ இடைவெளி. மண், வேர், பூச்சி, நிழல் என்று ஆயிரம் காரணம் இருக்கும். பாருக்குப் பார் இவ்வளவு ஆடுகிற கொல்லையில், இரண்டு சராசரிக்கு நடுவே உள்ள 2 கிலோவுக்கு மருந்துதான் காரணம் என்று எதை வைத்துச் சொல்வது?

இதற்குப் பட்டம் பெற்றவர் யாரும் வேண்டாம். காலண்டர் தாளை எட்டாகக் கிழித்து, ஒரு துண்டுக்கு ஓர் எடையாக எழுதச் சொன்னேன். பிறகு அவரிடம் சொன்னேன்: ஒரு பேச்சுக்கு, மருந்து ஒன்றுமே செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 14 கிலோ காய்த்த பார், தெளித்திருந்தாலும் தெளிக்காமல் விட்டிருந்தாலும் 14 கிலோதான் காய்த்திருக்கும். 'தெளித்தது', 'தெளிக்காதது' என்பதெல்லாம் வரப்பில் நட்டு வைத்த பலகை மட்டும்தான். பலகையைப் பிடுங்கி வேறு பாரில் நட்டால் எந்தப் பாரின் எடையும் மாறாது. மாறுவது இரண்டு சராசரியும் அவற்றின் வித்தியாசமும்தான். அப்படிப் பலகையை எல்லா விதமாகவும் மாற்றி நட்டுப் பார்த்தால், 2 கிலோ வித்தியாசம் அபூர்வமாக வருகிறதா, அடிக்கடி வருகிறதா?

எட்டில் நான்கை எத்தனை விதமாக எடுக்கலாம்? பிளஸ் ஒன் கணக்கில் வருகிற சேர்வுதான், விடை 70. அந்த எழுபதில் எத்தனையில் தெளித்த பக்கம் 48 கிலோவோ அதற்கு மேலோ வரும் என்று தேடினோம். 14, 13, 12 மூன்றும் ஒரே பக்கம் விழுந்து கூடவே ஒரு 11 சேர்ந்தால் 50. பதினொரு கிலோ பார் இரண்டு இருப்பதால் இது இரண்டு விதம். அதே மூன்றோடு 10 சேர்ந்தால் 49. 9 சேர்ந்தால் 48. 14, 13 இரண்டோடு இரண்டு பதினொன்றும் சேர்ந்தால் 49. 14, 12 இரண்டோடு அவையே சேர்ந்தால் 48. கடைசியாக 14, 13, 11, 10. அவர் கொல்லையில் நிஜமாக நடந்தது இதுதான். இதுவும் 48, எந்த 11 என்பதைப் பொறுத்து இரண்டு விதம். ஆக எட்டு.

எழுபதில் எட்டு. ஏறக்குறைய ஒன்பதில் ஒன்று. முதுகில் சுமந்து தெளிக்கும் டேங்கில் இருந்தது பச்சைத் தண்ணீராகவே இருந்திருந்தாலும், இப்படிச் செய்து பார்க்கிற ஒன்பது விவசாயிகளில் ஒருவருக்கு இந்த இருபது சதவீதமோ அதற்கு மேலோ தானாகவே கிடைத்திருக்கும். அந்த ஒருவர்தான் பத்திரிகைக்குப் போன் செய்வார். மற்ற எட்டுப் பேர் நோட்டை மூடி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். உங்கள் நிருபரை இங்கே குறை சொல்லவில்லை. அவரிடம் வந்து சேர்கிற தகவலே இப்படி வடிகட்டித்தான் வருகிறது.

இன்னும் ஒன்று. தெளித்த பக்கம் 2 கிலோ குறைந்து போயிருந்தால், மீன் அமிலம் காய்ப்பைக் கெடுக்கிறது என்று இதே நோட்டைத் தூக்கிக்கொண்டு இதே வேகத்தில் வந்திருப்பார். எந்தப் பக்கம் வித்தியாசம் வந்தாலும் அதிசயப்படுவோம் என்றால் இரண்டு பக்கத்தையும் எண்ண வேண்டும். அப்போது எழுபதில் பதினாறு.

அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப மருந்து வேலை செய்யலைங்கிறீங்களா?" என்றார். இல்லை. இந்த இடத்தில்தான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். எழுபதில் எட்டு என்பது மருந்து உதவாததற்கான வாய்ப்பு அல்ல. மருந்து உதவாது என்று வைத்துக்கொண்டால், வெறும் அதிர்ஷ்டத்திலேயே இவ்வளவு பெரிய வித்தியாசம் எத்தனை தடவை வரும் என்பதுதான் அது. இதைத் திருப்பிப் போட்டு, "மருந்து வேலை செய்வது 89 சதவீதம் உறுதி" என்று எழுதினால் தப்பு. "மருந்து பயனற்றது என்று நிரூபணம்" என்று எழுதினாலும் தப்பு. எட்டுப் பாரின் கணக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்குப் பெரிதல்ல, அவ்வளவுதான் சொல்லலாம். ஆறு பார் மட்டும் இருந்து, மூன்றுக்குத் தெளித்து மூன்றை விட்டிருந்தால் மொத்த விதங்களே இருபதுதான். தெளித்த மூன்றும் தெளிக்காத மூன்றையும் தோற்கடித்தால்கூட, இருபதில் ஒன்றைவிட அபூர்வமான எதையும் காட்ட முடியாது. நான்கே செடி வைத்துக்கொண்டு 'ஆய்வில் தெரிய வந்தது' என்று எழுதுகிறவர்களுக்கு மொத்தம் ஆறு விதம்.

அப்புறம் கேட்டேன்: "எந்த நாலு பாருக்குத் தெளிச்சீங்க?" வாய்க்கால் ஓரத்து நாலு பார். டேங்கைச் சுமந்துகொண்டு கொல்லைக்குள் நடக்க வேண்டாம் என்பதுதான் காரணம்.

சரி, போச்சு. இவ்வளவு நேரம் எண்ணிய எழுபதும் இதோடு ஆட்டம் கண்டுவிட்டது. வாய்க்கால் ஓரத்தில் ஈரம் நிற்கும், வண்டல் சேரும். அங்கே காய்ப்பு எப்படியும் ஒரு பிடி கூடுதலாக இருக்கலாம். எழுபது விதமும் சமமாக நடந்திருக்கலாம் என்பதை வைத்துத்தான் நாம் எண்ணினோம். அவர் கொல்லையிலோ எழுபதில் ஒன்றுதான் நடக்க வாய்ப்பு இருந்தது. டேங்கின் கனம் அதை முன்னாலேயே முடிவு செய்துவிட்டது. கடைசியில் சீட்டைக் கலைத்துப் பார்க்க வேண்டுமென்றால், தெளிக்கும் முன்பே சீட்டு போட்டிருக்க வேண்டும். கணக்குப் புத்தகங்களில் இந்த ஒரு வரி பெரும்பாலும் அடிக்குறிப்பாகப் போய்விடுகிறது. என்னைக் கேட்டால் பாதி விஷயம் அந்த வரியில்தான் இருக்கிறது.

வேளாண் துறை வேலையில் இருந்தபோது, ஊரின் மகசூலை அளக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனைக்குப் போவோம். பயிர்க் காப்பீட்டுத் தொகை அதைப் பொறுத்தது என்பதால் விவசாயிகளுக்குக் 'கட்டிங்' என்றால் நன்றாகவே தெரியும். எந்த சர்வே எண், அந்த வயலில் மூலையிலிருந்து எத்தனை மீட்டர் உள்ளே என்பதையெல்லாம் ரேண்டம் நம்பர் அட்டவணைதான் சொல்லும். அந்தப் புள்ளியிலிருந்து ஐந்துக்கு ஐந்து மீட்டர் கயிறு பிடித்து, உள்ளே இருக்கும் நெல்லை அறுத்து அடித்து எடை போட வேண்டும். கயிறு பிடிக்கும்போதே ஒரு குரல் வரும்: "சார், அந்த மூலையில பயிர் கொட்டிப்போச்சு, அங்க அறுங்க." இழப்பீடு எதிர்பார்ப்பவர் குரல் அது. விதை நெல்லுக்குப் பெயர் எடுத்தவராக இருந்தால், "இந்தப் பக்கம் வாங்க சார், கதிரைப் பாருங்க" என்பார். இரண்டு பேரும் ஏமாற்றுகிறவர்கள் அல்ல. தன் வயல் எப்படித் தெரிய வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசை, அவ்வளவுதான். அதிகாரிக்கும் ஆசை உண்டு: வெயிலில் சேற்றுக்குள் போகாமல் வரப்பை ஒட்டியே அறுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று. அட்டவணையில் இருக்கும் எண்ணுக்கு மட்டும்தான் ஆசை கிடையாது.

புது ரகத்தை வளர்த்துக் காட்டும் செயல்விளக்கத் திடலையும் இங்கே சொல்ல வேண்டும். ரோட்டோரம், தண்ணீர் வசதி, நன்றாக உழைக்கிற விவசாயி, இந்த மூன்றும் பார்த்துத்தான் திடல் போடுவார்கள். நாலு பேர் பார்த்துக் கற்றுக்கொள்ள அது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தத் திடலின் மகசூலையும் ஊர்ச் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, வித்தியாசம் முழுவதையும் புது ரகத்தின் கணக்கில் எழுதக்கூடாது. ஸ்மார்ட் வகுப்பில் விருப்பப்பட்டுச் சேர்ந்த பிள்ளைகளின் சராசரி மதிப்பெண்ணை மற்றவர்களோடு ஒப்பிடுவதும் இதே ரகம்தான். யார் சேர்ந்தார்கள் என்பதிலேயே வித்தியாசம் ஆரம்பித்துவிடுகிறது.

முதலில் குலுக்கிப் போட்டு, கடைசியில் கலைத்துப் பார்க்கும் இந்த யோசனை நானாகக் கண்டுபிடித்தது அல்ல. இதுவும் வயலில் பிறந்ததுதான் என்பதில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பெருமை. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் பண்ணையில் 1843 முதல் உரச் சோதனைகள் நடந்து வந்தன. அங்கே குவிந்து கிடந்த மகசூல் கணக்குகளைப் பார்க்க 1919இல் ஆர். ஏ. ஃபிஷர் என்ற இளைஞரை வேலைக்கு எடுத்தார்கள். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை மனிதன் தேர்ந்தெடுக்கக்கூடாது, குலுக்கல்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர். அந்தப் பண்ணையில் பாசி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மியூரியல் பிரிஸ்டல் என்ற அம்மையார், கோப்பையில் முதலில் பாலை ஊற்றினார்களா, டீயை ஊற்றினார்களா என்பதைக் குடித்தே சொல்லிவிடுவேன் என்றாராம். எட்டுக் கோப்பை, நான்கில் பால் முதலில், நான்கில் டீ முதலில், கொடுக்கும் வரிசை குலுக்கல்படி. எதுவுமே தெரியாமல் ஊகிக்கிறவர் நான்கையும் சரியாகப் பிரிப்பதற்கு எழுபதில் ஒரு வாய்ப்புதான். நம் கத்தரிக் கணக்கில் வந்த அதே எழுபது.

1935இல் ஃபிஷர் வெளியிட்ட நூலில் டார்வினின் மக்காச்சோளக் கணக்கையும் எடுத்துக்கொண்டார். பரிணாமம் பேசிய அதே டார்வின்தான். மகரந்தம் வேறு செடியிலிருந்து வந்து உண்டான விதை நன்றாக வளருமா, தன் மகரந்தத்திலேயே உண்டான விதை நன்றாக வளருமா என்று பல பயிர்களில் பதினோரு வருடம் பார்த்தவர் அவர், 1876இல் வெளியிட்டார். மக்காச்சோளத்தில் 15 ஜோடி. ஒரு ஜோடியில் அயல் மகரந்தச் செடி ஒன்று, தன் மகரந்தச் செடி ஒன்று, இரண்டும் ஒரே தொட்டியில். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு வரை உயரம் அளந்தார். பதிமூன்று ஜோடிகளில் அயல் மகரந்தச் செடி உயரம். இரண்டில் மட்டும் தன் மகரந்தச் செடி ஜெயித்தது, அதுவும் சாதாரணமாக அல்ல, எட்டங்குலத்துக்கு மேல் ஒன்று, ஆறங்குலம் இன்னொன்று. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் அயல் மகரந்தத்துக்கு 314 எட்டில்பங்குகள் சாதகம். ஜோடிக்குச் சராசரி 2.6 அங்குலம்.

இதை எப்படி நம்புவது என்று டார்வின் தன் உறவினர் பிரான்சிஸ் கால்டனிடம் கேட்டார். இருவருமே எராஸ்மஸ் டார்வினின் பேரன்கள். கால்டன் இரண்டு பக்கத்தையும் உயர வரிசைப்படி தனித்தனியாக அடுக்கி ஒப்பிட்டார். அதில் எந்தச் செடிக்கு எது ஜோடி என்பதே கரைந்து போனது. ஒரே தொட்டி, ஒரே மண், ஒரே வெளிச்சம் என்று டார்வின் பாடுபட்டுச் சேர்த்த பலன் அங்கேயே வீணாயிற்று. கெட்டிக்காரர்களும் இப்படிச் செய்வார்கள்.

ஃபிஷர் ஜோடியைப் பிரிக்கவில்லை. மகரந்தத்தால் வித்தியாசமே இல்லை என்றால், ஒவ்வொரு ஜோடியிலும் எந்தப் பக்கம் உயரம் என்பது காசு சுண்டியதுபோல. பதினைந்து ஜோடிக்கு இரண்டு இரண்டாகப் பெருக்கினால் 32,768 விதம். அவற்றில் 863இல் கூட்டுத்தொகை 314 அல்லது அதற்கு மேல் வருகிறது. எதிர்ப்பக்கமும் அதே 863. இரண்டும் சேர்ந்து 1,726, அதாவது 5.27 சதவீதம். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இந்த 863ஐ எண்ணி எடுத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கை வலிக்கிறது.

அதே எண்களை வழக்கமான டி டெஸ்ட் வழியிலும் போட்டுப் பார்த்தார். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த கோசெட், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் 1908இல் கொடுத்த முறை அது. அளவுகள் மணி வடிவத்தில், அதாவது நடுவில் நிறைய, ஓரங்களில் கொஞ்சம் என்று பரவியிருக்கும் என்று வைத்துக்கொண்டு அட்டவணை பார்ப்பது. விடை 4.97 சதவீதம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதைக் காட்டத்தான் ஃபிஷர் இதைச் செய்தார். ஆனால் இன்றைய பரீட்சைக் கண்ணோடு பாருங்கள். 5 சதவீதத்துக்குக் கீழே வந்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம், மேலே போனால் இல்லை என்று பாடம் நடத்துகிறோம். அப்படியானால் டார்வினின் சோளம் ஒரு கணக்கில் பாஸ், இன்னொரு கணக்கில் பெயில். சோளம் அதே சோளம்தான். இருபதில் ஒன்று என்ற கோடு வசதிக்காகப் போட்டது. அதைத் தாண்டிவிட்டால் உண்மை, தாண்டாவிட்டால் பொய் என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. எண்ணையே போட்டுவிடுங்கள், 5.27 என்றால் 5.27. கோட்டை எங்கே போடுவது என்பதைப் படிக்கிறவர் பார்த்துக்கொள்வார்.

டார்வினிடமும் ஒரு குறை உண்டு, வாய்க்கால் ஓரத்துக் குறைதான். ஜோடிக்குள் எந்தச் செடி தொட்டியின் எந்தப் பக்கம் என்று குலுக்கிப் போடும் வழக்கம் அவர் காலத்தில் இல்லை. ஃபிஷர் அதைச் சுட்டிக்காட்டாமல் விடவில்லை.

பார்கள் பெருகினால் விதங்களை எண்ணி மாளாது என்பது வாஸ்தவம். இருபதில் பத்தை எடுக்க 1,84,756 விதம். முப்பதில் பதினைந்து என்றால் பதினைந்து கோடிக்கு மேல். எந்தப் பயிருக்கும், எந்த விதமாகப் பரவிய அளவுக்கும் இந்தக் கலைத்துப் போடும் முறை செல்லும் என்று 1937இலேயே டாஸ்மேனியாவிலிருந்து பிட்மன் என்ற கணித ஆசிரியர் முறைப்படி எழுதிவிட்டார். ஆனால் எண்ணும் வேலைக்குப் பயந்துதான் எல்லோரும் அட்டவணைக்குப் போனார்கள். இன்று அந்தப் பயம் தேவையில்லை. எல்லா விதத்தையும் எண்ணக்கூட வேண்டாம். கலைத்து, கூட்டி, குறித்துக்கொண்டு, மறுபடி கலைத்து என்று பத்தாயிரம் தடவை செய்யச் சொன்னால் கல்லூரிப் பிள்ளையின் லேப்டாப் ஒரு மிடறு காப்பி உள்ளே போவதற்குள் முடித்துவிடும். உங்கள் அலுவலகத்திலேயே எக்செல் தெரிந்தவர் யாராவது இருப்பார்.

சீட்டு குலுக்குவது பெரிய ஆராய்ச்சிக்கூடங்களின் சமாசாரம், விவசாயிக்கு எதற்கு என்று ஒருவர் கேட்டார். நம் சென்னையிலேயே மனித உயிரை வைத்துக் குலுக்கியிருக்கிறார்கள். 1956இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் சேத்துப்பட்டில் இருக்கிறது; இப்போது பெயர் மாறி தேசிய நிறுவனம் ஆகிவிட்டது. காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு என்பதுதான் அப்போது வேதவாக்கு. ஏழை நோயாளி வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டால் போதுமா என்று பார்க்க 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதைக் குலுக்கலுக்கு விட்டார்கள். டாக்டரின் இரக்கத்துக்கு விட்டிருந்தால், மோசமான நோயாளிகளைச் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். பிறகு எந்த ஒப்பீடும் நிற்காது. 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டுச் சிகிச்சை கிட்டத்தட்ட அதே அளவு பலன் தந்தது. உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சை சானடோரியத்தை விட்டு வெளியே வந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலையைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிற நாம், கத்தரிக் கொல்லையில் ஓலை போடக் கூச்சப்பட வேண்டியதில்லை.

செலவும் இல்லை. பக்கத்துக் கொல்லைக்காரருக்கு நான் சொன்ன ஏற்பாடு இது: அடுத்தடுத்த இரண்டு பாரை ஒரு ஜோடியாக வைத்துக்கொள்ள வேண்டும். வாய்க்கால் ஓரம் இரண்டு, அதற்கடுத்து இரண்டு என்று பத்து ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு ரூபாய்க் காசைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் கிழக்குப் பாருக்கு மருந்து, பூ விழுந்தால் மேற்குப் பாருக்கு. விழுந்ததை அப்போதே நோட்டில் எழுதிவிட வேண்டும்; "இந்த ஒண்ணை மட்டும் மாத்திக்கிறேன்" என்பது கூடாது. மருந்து போடாத பாருக்கு அதே அளவு வெறும் தண்ணீர் தெளிக்க வேண்டும். எத்தனை பறிப்பு வரை எடை போடுவது என்பதையும் முதல் பறிப்புக்கு முன்னாலேயே முடிவு செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வித்தியாசம் நன்றாகத் தெரிகிற அன்றைக்குத் தராசைக் கீழே வைக்கத் தோன்றும். பத்து ஜோடிக்கு 1,024 விதம். நான்கே ஜோடி போட்டால் பதினாறுதான், அதனால்தான் பத்து. ஜோடியாக வைத்தால் வாய்க்கால் ஈரம் ஜோடியின் இரண்டு பாருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி போகும். மிச்சம் இருக்கிற சிறு பேதத்தைக் காசு பார்த்துக்கொள்ளும்.

உங்களிடம் கேட்பது அதைவிடச் சுலபம். இனிமேல் இப்படிச் செய்தி போடும்போது, சராசரியோடு ஒவ்வொரு பாரின் எடையையும் ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள். எட்டு எண்ணுக்கு எவ்வளவு இடம் பிடிக்கும்? ராசி பலனில் ஒரு ராசியைவிடக் குறைவுதான். எதற்குத் தெளிப்பது என்பதை யார் தீர்மானித்தார்கள் என்று ஒரு வரி சேருங்கள். குலுக்கிப் போட்டார்களா, கைக்கு எட்டியதைச் செய்தார்களா என்று நிருபர் கேட்டாலே போதும். பாதிச் செய்தி அந்தக் கேள்வியிலேயே விழுந்துவிடும். மீதிப் பாதியை வாசகர்கள் காலண்டர் தாளைக் கிழித்துச் சோதித்துக்கொள்வார்கள்.

பக்கத்துக் கொல்லைக்காரர் தைப் பட்டத்தில் இருபது பார் போடுகிறார். நாற்று விட்டாயிற்று, காசும் எடுத்து வைத்துவிட்டார். பறிப்பு முடிந்ததும் நோட்டின் நகலை அனுப்பி வைக்கிறோம். வித்தியாசம் வந்தாலும் வராவிட்டாலும் இருபது எடையையும் அதே வேளாண் பக்கத்தில் போடுவீர்களா என்பதை மட்டும், முதல் பறிப்புக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவி வேளாண்மை அலுவலர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.